ஆபீஸ் வேலையோடு சொந்த ஆப்: கோடு எழுதுவதற்கு முன் எதைச் சரி செய்யணும்?

செந்தூல்_பேக்கெண்ட்

வணக்கம். கோலாலம்பூரில் ஒரு நிதி நிறுவனத்தில் பேக்கெண்ட் (சர்வர் பக்கக் கோடு) வேலை. டியூஷன் சென்டர்கள் மாதக் கட்டணம் வசூலிக்க ஒரு சின்ன வெப் ஆப் செய்ய எண்ணம். சென்டர் ஒன்றுக்கு மாதம் 60 ரிங்கிட் வாங்கலாம் என்று கணக்கு. பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டு பேர் எடுத்துக்கொள்ளத் தயார். ராத்திரி ஒன்றரை மணி நேரம் கிடைக்கும்.

ஆபீஸ் லேப்டாப் நல்ல வேகம், சொந்த மெஷின் பழசு. ராத்திரியில் ஆபீஸ் லேப்டாப்பிலேயே செய்தால் பிரச்சினை வருமா? கோடு யாருக்குச் சொந்தம்? எஸ்எஸ்எம் (தொழில்களைப் பதியும் நிறுவன ஆணையம்) பதிவு இப்போதே வேணுமா, காசு வந்த பிறகு போதுமா? சர்வரை இலவசத் திட்டத்தில் ஓட்டலாமா?

பாயான்_லெப்பாஸ்

ஆபீஸ் லேப்டாப் வேண்டவே வேண்டாம். வேகத்துக்கு ஆசைப்பட்டு உரிமையைச் சிக்கலாக்காதீங்க.

மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டம், 26ஆம் பிரிவு: வேலையின் பகுதியாக உருவாக்கியது முதலாளிக்குப் போய்விடும், இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் தவிர. டியூஷன் ஆப் உங்கள் வேலையின் பகுதி இல்லை என்று வாதாடலாம்தான். ஆனால் கம்பெனி மெஷின், கம்பெனி விபிஎன், கம்பெனி வாங்கிக் கொடுத்த கோபைலட் (கோடு எழுத உதவும் ஏஐ) லைசென்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர அந்த வாதம் இளைத்துவிடும். நிதி நிறுவன லேப்டாப்பில் பெரும்பாலும் எந்த ஃபைல் எங்கே போனது என்று பதிவாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, வேலை ஒப்பந்தத்தை எடுத்து இரண்டு இடம் பாருங்க. ஒன்று, கண்டுபிடிப்பு உரிமை பற்றிய ஷரத்து. “வேலை நேரத்திலோ வெளியிலோ உருவாக்கிய அனைத்தும்” என்று இருந்தால் அது சட்டம் தருவதைவிட அகலமானது, எழுத்தில் விலக்கு வாங்காமல் தொடங்காதீங்க. இரண்டு, வெளி வேலைக்கு முன் அனுமதி. நிதித் துறையில் இது அநேகமாக இருக்கும். எச்ஆருக்கு அனுப்பும் மின்னஞ்சல் நாலு வரி போதும்: என்ன ஆப், யாருக்கு, கம்பெனி தொழிலோடு மோதவில்லை, கம்பெனி கருவியோ தகவலோ தொடப்படாது. பதிலின் நகலைச் சொந்த இடத்தில் வையுங்க, வேலையை விட்ட மறுநாள் ஆபீஸ் இன்பாக்ஸ் இருக்காது.

பழைய மெஷின் போதும். 8 ஜிபி ரேம், லினக்ஸ், டாக்கர் போன்ற கூடுதல் அடுக்கு இல்லாமல் நேரடியாக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். இந்த அளவு ஆப்புக்கு அதற்கு மேல் எதற்கு?

கிட்_காவலர்

மேலே சொன்னதோடு ஒன்று. சொந்த மெஷினிலும் கிட் (கோடு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போடும் கமிட்டில், அதாவது பதிவில், ஆபீஸ் மின்னஞ்சல் ஏறிவிடும், ஆபீஸ் கான்ஃபிக் ஃபைலை அப்படியே காப்பி பண்ணியவர்களுக்கு இது சகஜம். கிட் கான்ஃபிக்கில் யூஸ்‌கான்ஃபிக்‌ஒன்லி அமைப்பை ட்ரூ ஆக்குங்க. மின்னஞ்சல் குறிப்பிடாத ரெப்போவில் (கோடு தொகுப்பில்) அது தானாக ஊகிக்காமல் கமிட்டை மறுத்துவிடும். ஃபோல்டர் வாரியாகப் பிரிக்க இன்க்ளூட்‌இஃப் இருக்கு. ஃபோல்டர் பாதையின் கடைசியில் சாய்கோடு போடணும், விட்டால் உள்ளே இருக்கும் ரெப்போக்களுக்கு அது பொருந்தாது, பிழையும் காட்டாது.

நெகாரா_கணக்கு

எஸ்எஸ்எம்: 1956 வணிகப் பதிவுச் சட்டப்படி தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதியணும். லாபம் வந்த பிறகு என்பதெல்லாம் இல்லை, முதல் சென்டரிடம் காசு வாங்குவது தொழில்தான். ஐசி (அடையாள அட்டை) பெயரிலேயே பதிந்தால் வருடம் 30 ரிங்கிட், வணிகப் பெயர் வைத்தால் 60. ஒரு சென்டரின் ஒரு மாதக் காசு, இதற்குப் போய் யோசிக்க வேண்டாம். பதிவு விவரத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், ஆகவே எச்ஆர் கடிதம் முதலில், எஸ்எஸ்எம் பிறகு.

வருமான வரியில் பிஇ பாரம் (தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு) போய் பி பாரம் (தொழில் வருமானம் உள்ளவர்களுக்கு) வரும், கெடு ஜூன் 30. சர்வர், டொமைன் பில்களை 7 வருடம் வைத்திருக்கணும்.

செந்தூல்_பேக்கெண்ட்

நன்றி. எச்ஆருக்கு எழுதிவிடுகிறேன். இலவச சர்வர் பற்றி யாராவது? பணம் பில்பிளிஸ் (ஆன்லைனில் கட்டணம் வசூலிக்கும் சேவை) வழியாக, எஃப்பிஎக்ஸ் (பேங்க் கணக்கிலிருந்து நேராகக் கட்டும் முறை).

ராத்திரி_டிப்ளாய்

காசு ஓடும் ஆப்பை இலவசத் திட்டத்தில் வைக்காதீங்க. ரெண்டர் என்ற ஹோஸ்டிங் சேவையின் இலவச சர்வர் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் தூங்கிவிடும், எழும்ப ஒரு நிமிடம் வரை ஆகும். பெற்றோர் காசு கட்டியதும் பில்பிளிஸ் அனுப்பும் கால்பேக் (கட்டியாச்சு என்று ஆப்புக்கு வரும் தானியங்கிச் செய்தி) அந்த நேரம் பார்த்து வந்தால் டைம்அவுட். காசு போய்விட்டது, ஆப்பில் “கட்டவில்லை” என்று நிற்கலாம், மறுநாள் நினைவூட்டலும் போகலாம். அந்த அம்மா சென்டரில் வந்து நின்று கேட்பதை நினைச்சுப் பாருங்க. மாதம் 5, 6 டாலர் விபிஎஸ் (எப்போதும் ஓடும் வாடகை சர்வர்) எடுங்க, சிங்கப்பூரில் இருந்தால் போதும்.

கால்பேக் இரண்டு முறை வரலாம், அதனால் பில் ஐடிக்கு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே ஐடி இரண்டு தடவை பதியாமல் தடுக்கும் விதி) கட்டாயம். பெற்றோரின் பிரவுசர் திரும்பி வருவதை வைத்து “கட்டியாச்சு” என்று எழுதவே கூடாது, பாதியில் டேபை மூடிவிடுவார்கள். எக்ஸ் சிக்னேச்சரை (பில்பிளிஸ்தான் அனுப்பியது என்று காட்டும் கையொப்பம்) சரிபார்த்த கால்பேக் மட்டுமே கணக்கு. தொகை சென்னில் போகும்: 80 ரிங்கிட் என்றால் 8000. டேட்டாபேஸிலும் முழு எண்ணாக சென்னிலேயே வையுங்க.

நேரக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கு. சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடினால் நாம் 8 மணி நேரம் முன்னால். மாதம் 1ஆம் தேதி காலை 7 மணிக்கு நினைவூட்டல் என்றால் யூடிசியில் அது முந்தைய மாதக் கடைசி நாள் இரவு 11. கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) “கடைசி நாள்” என்று நேராக எழுத முடியாது, 28, 29, 30, 31 என்று மாறும். 9 மணிக்கு வைத்தால் 1ஆம் தேதி யூடிசி 1 மணி, தொல்லை இல்லை.

பாயான்_லெப்பாஸ்

டேபிள் அமைக்கும்போது பில்லை மாணவருக்குக் கட்டாதீங்க, பெற்றோருக்குக் கட்டுங்க. ஒரே வீட்டில் மூன்று பிள்ளை இருந்தால் மூன்று லிங்க் போகும், யாரும் மூன்று தடவை பேங்க் லாகின் செய்ய மாட்டார்கள். பாதி ஆன்லைன், மீதி ஆசிரியர் கையில் ரொக்கம் என்பதும் நடக்கும், அதனால் “ரொக்கம் வாங்கியாச்சு” பட்டன் முதல் நாளே வேணும். பிள்ளைகளின் ஐசி எண் கேட்காதீங்க. இதற்குத் தேவையே இல்லை, கசிந்தால் தலைவலி உங்களுக்கு.

முக்கியமா, பெற்றோருக்கு உங்கள் வாட்ஸ்அப் நம்பர் போகக் கூடாது. புகார் சென்டருக்கு, சென்டர் உங்களுக்கு, பதில் இரவு 8க்கு மேல் என்று சென்டரோடு முன்பே எழுத்தில் பேசிடுங்க. இல்லாவிட்டால் ஆபீஸ் ஸ்டாண்ட்அப் மீட்டிங்கில் போன் அடிச்சுக்கிட்டே இருக்கும் லா.