மலையில் சிஸ்டர்கள் ஏன் நிற்பதில்லை? உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

மஞ்சூர் பிக்கப்

போன ஐப்பசியில் நடந்தது. மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். மழையில் கிண்ணக்கொரை ரோடு எப்படி இருக்கும் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு மனைவிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. 108-ஐக் கூப்பிட்டால், வண்டி ஊட்டிக்கு ஒரு கேஸ் ஏற்றிப் போயிருக்கிறது, திரும்ப ஒன்றரை மணி நேரமாகும் என்றார்கள். கேரட் மூட்டை ஏற்றும் என் பிக்கப்பிலேயே தார்ப்பாயைப் போட்டுப் படுக்கவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே ஒரே ஒரு சிஸ்டர். மூன்று பேர் ஷிப்ட் மாற்றிப் பார்க்க வேண்டிய இடம். ஒருவர் பேறுகால விடுப்பு, இன்னொருவர் டெபுடேஷனில் வேறு ஊர். இந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருந்தால் அதிகம். கரண்ட் போய்ப் போய் வந்தது. "அண்ணா, திரைக்கு அந்தப் பக்கமே நில்லுங்க, டார்ச்சை மட்டும் தூக்கிப் பிடிங்க" என்றார். இரண்டே முக்காலுக்குப் பெண் குழந்தை, இரண்டு கிலோ அறுநூறு. அவர் குரல் ஒரு தடவைகூட உயரவில்லை.

விடிகாலையில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள். பிரசவ வலியைக் கோடு போட்டுப் பார்ப்பார்களே, அந்தக் கட்டம் போட்ட தாளின் பின்பக்கம். அதில் தமிழ் எழுத்தில்:

டெர் ஷ்மெர்ட்ஸ் – வலி
டீ கெபூர்ட் – பிரசவம்
ஆட்மென் – மூச்சு விடுதல்

"என்ன பாஷை சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"ஜெர்மன்ணா. பி2 லெவல் பரீட்சை பாஸ் பண்ணிட்டா அங்க வேலைக்குப் போயிரலாம்."

பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அதுதான் உறுத்துகிறது.


தாண்டிக்குடி ரிட்டயர்ட்

தம்பி, குழந்தை நன்றாக இருக்கிறதா? பென்டா தடுப்பூசி மூன்றும் போட்டாயிற்றா? அதை எழுதவே இல்லையே.

நான் கிராம சுகாதார செவிலியராக 31 வருடம் பழனி மலையில் இருந்தவள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்று கணக்கு. கேட்பவர்களுக்கு மலையில் வேலை குறைவு என்று தோன்றும். அந்த மூவாயிரம் பேர் எத்தனை ஓடை தாண்டி இருக்கிறார்கள் என்பது கணக்கில் வராது. பக்கத்து நிலையம் காலியானால் அதுவும் என் தலையில், கூடுதல் பொறுப்பு என்று பெயர். ஒரு தடவை நாலு வருடம் அப்படி ஓடியது.

ஒரு நாள் கீழே பளியர் பழங்குடியினர் குடியிருப்பிலிருந்து டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். நான் எதிரே இறங்கிப் போகிறேன். பாதி வழியிலேயே தலை தெரிந்துவிட்டது. காப்பிச் செடிகளுக்கு நடுவே போர்வையை விரித்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு எடுத்தேன். கிட்டிலிருந்த நூலால் கொடியைக் கட்டும்போது என் கணுக்காலில் அட்டை ஏறி ரத்தம் வழிகிறது, தட்டிவிடக் கை ஒழியவில்லை. எல்லாம் முடிந்து நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகு கூட வந்த கிழவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை எடுத்துக் கும்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். "நீ எப்ப மாத்தலாகிப் போவ?" என்று கேட்டாள்.

அவள் பார்த்த எத்தனையாவது நர்சம்மாவோ நான். அந்தக் கேள்விக்காகவே நான் மாறுதல் கவுன்சிலிங்குக்குப் போகாமல் இருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா? இந்தக் காலத்துப் பெண்களுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. வேறு என்ன சொல்ல.


குன்னூர்க்காரி (இப்போது லீட்ஸ்)

அம்மா, மரியாதையோடுதான் சொல்கிறேன், கடைசி இரண்டு வரியை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. உங்களுக்குக் காலமுறை ஊதியம், மலைப்படி, குளிர்காலப்படி, பென்ஷன். நாங்கள் 2015-ல் எம்.ஆர்.பி. என்ற அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதித் தேறி உள்ளே வந்தவர்கள். சம்பளம் 7,700 ரூபாய். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவத் துறைத் தலைமை அலுவலகமான டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடியவர்களில் நானும் ஒருத்தி. அப்புறம் 14,000 ஆனது, 18,000 ஆனது. நிரந்தரம் மட்டும் சீனியாரிட்டி லிஸ்டில் நகர்ந்துகொண்டே இருந்தது. கொரோனாவுக்கு எடுத்த பெண்களை 2022 டிசம்பர் 31-ஓடு போகச் சொன்னதையும் பார்த்தேன். பிடிப்பு இல்லையாம்!

சரி, என் கதை. போன வருடம் இங்கே இங்கிலாந்தில் வார்டில் பிரேக். வாட்ஸப்பில் தம்பி வீடியோ கால். பாட்டி ஊரில் அட்மிட், நிமோனியா. நர்ஸ் பெண் டிரிப்ஸ் போட நரம்பு தேடுகிறாள். ஒரு தடவை குத்தினாள், வீங்கிவிட்டது. இரண்டாவது தடவையும் அப்படியே. பாட்டிக்கு வலது கையில் முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் ஒரு நல்ல நரம்பு உண்டு, எனக்குத் தெரியும், நானே எத்தனை தடவை போட்டிருக்கிறேன். போனில் கத்துகிறேன், "பாப்பா, கையைத் திருப்பு, வெளிப்பக்கம் பாரு." நெட் விட்டு விட்டு வருகிறது. பின்னால் யாரோ இன்னொரு நோயாளி "சிஸ்டர், சிஸ்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தப் பெண் கேமராவை நிமிர்ந்து பார்த்தாள், கண் கலங்கியிருந்தது. அவளைத் தவிர வார்டில் வேறு சிஸ்டர் இல்லை.

இங்கே எட்டு நோயாளிக்கு நான் ஒருத்தி என்று அன்று காலையில்தான் மேனேஜரிடம் சண்டை போட்டிருந்தேன்.


கணக்குப்பிள்ளை

குழந்தைகளை வெளிநாடு அனுப்ப நினைக்கும் பெற்றோர் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் அனுபவம் சின்னது: தங்கை மகளுக்குக் கோவையில் ஓர் ஏஜென்ட் இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு ஆளைக் காணோம். ரசீது கேட்டபோது நெய் ரோஸ்ட்டைப் பிய்த்துக்கொண்டே "நம்பிக்கைதான் சார் முக்கியம்" என்றான். அதனால் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள்.

முதலில் காலேஜ். இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு கவுன்சில் இரண்டின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று சேரும் முன் பாருங்கள், சேர்ந்த பிறகு அழாதீர்கள். படிப்பு முடிந்ததும் கவுன்சிலில் பதிவு செய்துவிடுங்கள், செவிலி, மகப்பேறு செவிலி என்று ஆர்.என்., ஆர்.எம். இரண்டும் வரும். தனியார் ஆஸ்பத்திரியில் சேரும்போது பாண்ட் என்று சொல்லி ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கேட்பார்கள். நகல் மட்டும் கொடுங்கள், ஒரிஜினல் வீட்டு பீரோவை விட்டு நகரக் கூடாது. சம்பளம் பேசும்போது சும்மா தலையாட்டாதீர்கள். சுப்ரீம் கோர்ட் உத்தரவில் அமைத்த கமிட்டி 2016-லேயே சின்ன ஆஸ்பத்திரியானாலும் மாதம் 20,000-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. யார் கொடுக்கிறார்கள் என்பது வேறு விஷயம், தெரிந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

வளைகுடா என்றால், சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்கு நர்ஸ் எடுப்பதை 2015-ல் அரசு நிறுவனங்கள் வழியாக என்று மாற்றினார்கள். நம் மாநிலத்தில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அங்கே முதலில் பதியுங்கள். தனியார் ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சம் என்று வாயைத் திறந்தால் எழுந்து வந்துவிடுங்கள். இங்கிலாந்துக் கனவில் இருப்பவர்களும் கேளுங்கள். அங்கே பதிவேட்டில் எட்டரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், ஆனால் 2024-25-ல் வெளிநாட்டிலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்கள் முந்தைய வருடத்தைவிடச் சுமார் 30 சதவீதம் குறைவு. அந்தக் கதவு ஒடுங்குகிறது. ஆகவே ஜெர்மன் படிக்கும் அந்த மஞ்சூர் சிஸ்டர் புத்திசாலி. மாலையில் ஒரு மணி நேரம், காலையில் அரை மணி நேரம் என்று பிரித்துப் படித்தால்...


மஞ்சூர் பிக்கப்

சார், மன்னிக்கணும். சிஸ்டர் போய்விடுவார் என்றுதான் இந்த இழையையே ஆரம்பித்தேன். நீங்கள் டைம் டேபிள் போட்டு அனுப்பி வைக்கிறீர்கள்.


கணக்குப்பிள்ளை

நல்லதைச் சொன்னால் கேட்க ஆளில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025-ல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். உலகத்தில் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை. பணக்கார நாடுகளில் நான்கில் ஒரு நர்ஸ் கிட்டத்தட்ட வெளிநாட்டில் பிறந்தவர். இது மஞ்சூர் பிரச்சினை இல்லை.


லேபர் ரூம்

கணக்குப்பிள்ளை சார் போகிற போக்கில் "ஆர்.என்., ஆர்.எம். இரண்டும் வரும்" என்றார். அந்த ஆர்.எம். பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து, பதிவு செய்து, கோவையில் ஐ.சி.யூ.வில் ஐந்து வருடம். வென்டிலேட்டர் என்றால் தூக்கத்திலும் ஓட்டுவேன். அந்த ஐந்து வருடத்தில் ஒரு பிரசவம் பார்த்ததில்லை. படிக்கும்போது எண்ணிக்கைக்காக லேபர் ரூமில் நின்றதுதான். தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன் என்றது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. தனியாரில் அதையும்விட அதிகம். அங்கே நர்ஸ் கையில் பிரசவத்தை யார் விடுகிறார்கள்? சர்டிபிகேட்டில் மட்டும் பதிவு பெற்ற மகப்பேறு செவிலி.

அப்புறம் கான்ட்ராக்டில் பழனி மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். மூன்றாவது நாள் நைட் டூட்டி, தனியாக. குழந்தை சுலபமாக வந்துவிட்டது. கருப்பை சுருங்க ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போட்டேன், நஞ்சும் வந்துவிட்டது. சரி, முடிந்தது என்று நோட்டை எடுத்து எழுத உட்கார்ந்தேன். ஆயாம்மா தரையைத் துடைக்க வந்தவர் நின்றுவிட்டார். "சிஸ்டர், துணி சீக்கிரம் நனையுது." திரும்பிப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் சொட்டவில்லை, ஓடுகிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை. புத்தகத்தில் எத்தனாவது பக்கம் என்பதுகூட நினைவில் இருக்கிறது, கை மட்டும் எழவில்லை. ஆயாம்மா என் கையைப் பிடித்து அந்தப் பெண்ணின் தொப்புளுக்குக் கீழே வைத்து அமுக்கினார். "தேய்ங்க சிஸ்டர், நிறுத்தாம தேய்ங்க." உள்ளே கருப்பை பிசைந்த மாவு மாதிரி கொழகொழவென்று இருந்தது. எவ்வளவு நேரம் தேய்த்தேன் என்று தெரியவில்லை. ஒரு கட்டத்தில் உள்ளங்கைக்குக் கீழே அது மெல்ல இறுகி, கிரிக்கெட் பந்து மாதிரி உருண்டு நின்றது. அந்த இறுக்கம் இன்னும் என் கையில் இருக்கிறது.

ஆயாம்மா எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இருபது வருடம் அந்த அறையைத் துடைத்தவர், அவ்வளவுதான்.

தாண்டிக்குடி அம்மாவுக்கும் லீட்ஸ் அக்காவுக்கும் ஒன்று. நீங்கள் இரண்டு பேரும் இருக்கிறவர்கள், போகிறவர்கள் என்று எண்ணுகிறீர்கள். இருக்கிறவர்களில் எத்தனை பேர் பிரசவம் பார்க்கத் தெரிந்தவர்கள்? மகப்பேறு செவிலியர்களைத் தனியாக 18 மாதம் பயிற்றுவிக்க மத்திய அரசு 2018-ல் வழிகாட்டுதல் போட்டது. எனக்கு அந்தப் பயிற்சி கிடைத்திருந்தால் அன்று ராத்திரி நோட்டு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.


குன்னூர்க்காரி (இப்போது லீட்ஸ்)

இதை ஒத்துக்கொள்கிறேன். இங்கே நர்ஸ் வேறு, மிட்வைஃப் வேறு, பதிவேட்டிலேயே தனித்தனிப் பகுதி. நான் நர்ஸாகத்தான் பதிவானேன். ஊரில் நூறு பிரசவத்துக்கு மேல் பார்த்த கை இது, இப்போது மாத்திரை வண்டி தள்ளுகிறது.


தேவாலா

ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன், எழுதியதில்லை. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். 1990-லிருந்து இருக்கிறது. ஆதிவாசிப் பெண்களையே பயிற்சி கொடுத்து நர்ஸ் ஆக்கினார்கள்.

அங்கே என் மாமியார் பக்கத்துக் கட்டிலில் ஒரு பணியர் பெண், எட்டு மாதம், ரத்தமே இல்லாத வெளுத்த முகம். நான் தமிழில் கேட்டேன், மலையாளத்தில் கேட்டேன், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சாப்பாடு வேண்டாம், மாத்திரை வேண்டாம். சாயங்காலம் ஒரு சிஸ்டர் வந்தார். அவரும் பணியர்தான். கட்டிலில் உட்கார்ந்து, அவள் தலையில் பேன் பார்க்க ஆரம்பித்தார். பேன் பார்த்துக்கொண்டே அவர்கள் பாஷையில் மெதுவாக என்னவோ பேசினார். கால் மணி நேரத்தில் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை.

அந்த சிஸ்டர் எங்கேயும் மாறுதல் கேட்க மாட்டார். அவர் ஊரே அதுதான்.


கணக்குப்பிள்ளை

ஊர்க்காரப் பெண் என்றால் போக மாட்டாள் என்பது உங்கள் ஆசை. அவர் பிள்ளைக்கும் பீஸ் கட்ட வேண்டும். நல்ல சம்பளம் வந்தால் அவரும் போகத்தான் செய்வார், போகவும் வேண்டும்.


தாண்டிக்குடி ரிட்டயர்ட்

லீட்ஸ் பெண்ணே, நீ சொன்ன 7,700-ஐ நேற்று என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். என் கடைசி மாதச் சம்பளத்தை அவர் ஞாபகப்படுத்தினார். பேசாமல் இருந்துவிட்டேன். அந்த இரண்டு வரியை அழிக்கத் தெரியவில்லை, இருக்கட்டும்.

லேபர் ரூம் பாப்பா, அந்த ஆயாம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடு.


மஞ்சூர் பிக்கப்

அம்மா கேட்டதற்குப் பதில்: பென்டா மூன்றும் போட்டாயிற்று. மூன்றையும் போட்டது வேறு வேறு ஆள். கடைசி ஊசிக்குப் போனபோது அந்த மேஜையை எட்டிப் பார்த்தேன். கண்ணாடி இருக்கிறது, தாள் இல்லை. பாஸ் ஆனாரா என்று கேட்கலாம் என்றால் யாருக்கும் அவரைத் தெரியவில்லை.


பண்ணைக்காடு

இழைக்குச் சம்பந்தம் இல்லாமல் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சிஸ்டர் டெபுடேஷனில் போயிருக்கிறார். வருகிற புதன்கிழமை தடுப்பூசி எங்கே போடுகிறார்கள் என்று யாருக்காவது தெரியுமா? குழந்தைக்கு ஒன்பது மாதம் முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது.