அண்ணனிடம் இருக்கும் ரைபிள்: வர்ஜீனியாவில் தடை வந்தால் என்ன ஆகும்?

பிறைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பினாங்கு பிறையில் இருக்கிறேன். என் அண்ணன் அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தின் வடக்குப் பக்கம், குடும்பத்தோடு இருக்கிறார். கிரீன் கார்டு இருக்கிறது, குடியுரிமை இன்னும் வாங்கவில்லை. அங்கே போன பிறகு ஏ.ஆர்-15 ரக ரைபிள் (விசையை இழுக்க இழுக்க அடுத்த தோட்டா தானே ஏறும் செமி-ஆட்டோ) ஒன்று வாங்கினார். கடையில், பின்னணிச் சோதனை எல்லாம் முடித்து, முறைப்படி வாங்கியதுதான். லீவு நாளில் ரேஞ்சுக்குப் போய்ச் சுடுவார், வந்ததும் எண்ணெய் போட்டுத் துடைத்து இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பார்.

இந்த வகை ரைபிள்களைத் தடை செய்யும் பேச்சு அந்த மாநிலத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. வீடு வீடாக வந்து பறிப்பார்கள், வைத்திருப்பவரைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று யாரோ ஒரு குரல் பதிவை வாட்சாப்பில் அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அண்ணனைக் கேட்டால் “வந்தால் பார்த்துக்கலாம்” என்கிறார்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவருக்கு உண்மையில் என்ன ஆகும்? பிடுங்கினால் காசு தருவார்களா? அவருக்கு மேரிலாந்தில் வேலை கிடைக்கும் போல் இருக்கிறது. வீடு மாறும்போது ரைபிளைக் கூடவே எடுத்துப் போகலாமா? அப்புறம், அண்ணி ஒன்று கேட்டார்: பிரித்துப் பெட்டியில் போட்டு இங்கே அனுப்பிவிட்டால், தாசேக் குளுகோரில் மாமாவின் நிலத்தில் பன்றி சுட ஆகுமே என்று. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங்வாசி:

தடை என்றால் தடைதான். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த மாதிரி துப்பாக்கி எதற்கு? நல்ல விலை போகும்போதே கடைக்காரரிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவார்.

புக்கிட்_மெர்த்தாஜாம்_அண்ணன்:

தங்கச்சி, நான் இப்போது மெர்த்தாஜாமில் இருக்கிறேன். அதற்கு முன் நியூசிலாந்தில், வைக்காத்தோ பக்கம் ஒரு பால் பண்ணையில் வேலை பார்த்தேன். 2019இல் அங்கே தடை வந்தபோது, அதற்குள் வரும் ரைபிள் ஒன்று என்னிடமும் இருந்தது. மேட்டு நிலத்தில் காட்டாடு சுடுவதற்காக வாங்கிய செமி-ஆட்டோ.

மார்ச் 15 அன்று கிரைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதில் 51 பேர் போனார்கள். ஒரு வாரம் முடிவதற்குள், 21ஆம் தேதி, பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் தடையை அறிவித்தார். ஏப்ரல் 10 அன்று நாடாளுமன்றத்தில் 119க்கு 1 என்று நிறைவேறியது, 12ஆம் தேதி அமலுக்கு வந்தது. டிசம்பர் 20 வரை அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் ஒப்படைத்தால் வழக்கு இல்லை, காசும் உண்டு. புதிது போல் இருந்தால் அடிப்படை விலையில் 95 விழுக்காடு, புழங்கியது 70, தேய்ந்து போனது 25.

நான் ஒப்படைத்தது ஒரு பெரிய மண்டபத்தில். லைசென்ஸைப் பார்த்தார்கள், துப்பாக்கியில் பொறித்த எண்ணைப் படிவத்தோடு ஒப்பிட்டார்கள். ஒருவர் போல்ட்டை இழுத்துக் குழாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ‘புழங்கியது’ என்று எழுதினார். தொலைநோக்கி என்னுடையது என்றேன். ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து, நிதானமாகக் கழற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். அப்புறம் ஹைட்ராலிக் அழுத்தியில் வைத்தார்கள். குழாய் வளைந்து, பின்பக்கம் பிளந்து, அடுத்த ஆளின் துப்பாக்கி இருந்த தொட்டிக்குள் விழுந்தது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் தகப்பன் காலத்துத் துப்பாக்கியைக் கொண்டு வந்திருந்தார். அழுத்தியில் வைப்பதற்கு முன்பே வெளியே போய்விட்டார். பணம் சொன்னபடி வங்கிக்கு வந்தது. அந்த முறை நாடு முழுவதும் ஏறக்குறைய 56,000 துப்பாக்கிகள் வாங்கப்பட்டன.

எல்லாவற்றையும் எடுத்துவிடவில்லை. என்னிடம் .22 ரைபிள் ஒன்றும் இருந்தது. அதன் மேகசின், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டி, 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்காது என்பதால் அது என்னிடமே இருந்தது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடும் ரைபிள்களுக்கும் தடை இல்லை. ஆகவே ‘ரைபிள் தடை’ என்று செய்தியில் வந்தால், எந்த வகை, எத்தனை தோட்டா என்று சட்டத்தின் விளக்கப் பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அந்தச் சட்டம் சரி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் தேதியைச் சொல்லி, விலையைச் சொல்லி, சொன்னதைக் கொடுத்ததால்தான் என் மாதிரி ஆட்கள் முகம் சுளிக்காமல் வரிசையில் நின்றோம். நேற்றுவரை சட்டப்படி வைத்திருந்தவனை இன்று காலையில் குற்றவாளி என்று சொல்ல எந்த அரசுக்கும் நியாயம் இல்லை. ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தான். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு, மருத்துவ வரியை ஒரு வருடத்துக்கு 0.2 விழுக்காடு ஏற்றி, அந்தப் பணத்தில் சுமார் 6,50,000 துப்பாக்கிகளை வாங்கினார்கள்.

இப்போது உங்கள் அண்ணன் விஷயம். அமெரிக்காவில் இந்தத் தடைகள் பெரும்பாலும் விற்பனையைத்தான் நிறுத்துகின்றன, ஏற்கெனவே வாங்கியதை விட்டுவிடுகின்றன. 1994இல் நாடு முழுவதற்கும் வந்த தடை அப்படித்தான். அதற்கு முன் தயாரான ரைபிள்களை வைத்திருக்கலாம், விற்கவும் செய்யலாம். 2004 செப்டம்பரில் அந்தத் தடையே காலாவதியானது. வாஷிங்டன் மாநிலம் 2023 ஏப்ரலில் விற்பனையைத் தடுத்தது, கையில் இருப்பதைத் தொடவில்லை. இல்லினாய்ஸ் அதே வருடம் தடுத்தபோது பழைய உரிமையாளர்கள் வைத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் 2024 ஜனவரி 1க்குள் பதிந்துகொள்ள வேண்டும். வர்ஜீனியாவில் 2024இல் சட்டமன்றம் நிறைவேற்றி, ஆளுநர் கிளென் யங்கின் வீட்டோ செய்த மசோதாவும் பழைய ரைபிள்களை விட்டுவைத்த ரகம்தான். அதே மாநிலத்தில் 2020 கூட்டத்தொடருக்கு வந்த வேறொரு மசோதா வைத்திருப்பதையே குற்றமாக்கப் பார்த்தது, அது தேறவில்லை. அம்மா கேட்ட குரல் பதிவு அங்கேயிருந்து கிளம்பியதாக இருக்கலாம்.

காசு கிடைக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். செமி-ஆட்டோவை இயந்திரத் துப்பாக்கி போல் வேகமாகச் சுட வைக்கும் பம்ப் ஸ்டாக் என்ற கருவியை 2019 மார்ச்சில் நாடு முழுவதும் தடை செய்தபோது உடைத்துப் போடுங்கள் அல்லது ஒப்படையுங்கள் என்றார்கள், ஒரு காசு தரவில்லை. 2024இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையைச் செல்லாது என்றது. உடைத்தவர்களுக்கு உடைத்ததுதான்.

வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டத்திலும் விற்பது, பிள்ளைக்குக் கொடுப்பது, வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் தனித்தனி சரத்து. மேரிலாந்து 2013 அக்டோபர் 1 முதல் இந்த வகை ரைபிள்கள் பலவற்றை உள்ளே கொண்டுவரவே தடுத்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் சட்டப்படி கையில் இருந்தவைக்குத்தான் விலக்கு. அண்ணன் வாங்கியது அதற்குப் பிறகு என்றால், வேலைக்குப் போகும் முன்பே வர்ஜீனியாவில் லைசென்ஸ் உள்ள கடையில் விற்றுவிடுவது நல்லது. அந்தத் தடைக்குள் வரும் ரைபிளை வேனில் சாமானோடு ஏற்றி மாநில எல்லையைத் தாண்டினால் அன்றே குற்றம்.

கிரீன் கார்டு என்றீர்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. குடியுரிமை இல்லாதவர் மேல் துப்பாக்கிக் குற்றம் நிரூபணமானால், அதை வைத்தே நாடு கடத்த அமெரிக்கக் குடிநுழைவுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அங்கேயே பிறந்தவன் அபராதம் கட்டிவிட்டுப் போகிற இடத்தில் உங்கள் அண்ணன் வீட்டையும் வேலையையும் இழக்கலாம். ‘வந்தால் பார்த்துக்கலாம்’ என்பது அவருக்கு ஒத்துவராத பேச்சு. வாங்கிய ரசீதையும், எண் தெரியும்படி எடுத்த படத்தையும் இப்போதே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பதியச் சொன்னால் முதல் வாரத்திலேயே பதியட்டும்.

தோட்டத்துப்_பிள்ளை:

மேலே அண்ணன் எழுதியது நன்றாக இருக்கிறது. பினாங்குக்கு அனுப்புவது பற்றி மட்டும் நான் சொல்கிறேன்: வேண்டவே வேண்டாம். அண்ணியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

எங்கள் அப்பா நிபோங் திபால் பக்கம் செம்பனை போட்டிருந்தார். கன்றுகளைப் பன்றி குடைந்துவிடுகிறது என்று செனாப்பாங் பாத்தா (நடுவில் மடக்கித் தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கி) ஒன்றுக்கு லைசென்ஸ் எடுத்திருந்தார். நிலத்தின் கிராந்தை, அதாவது உரிமைப் பத்திரத்தை, காட்ட வேண்டும், மாநிலப் போலீஸ் தலைவர் ஒப்புக்கொள்ள வேண்டும், தோட்டா வாங்குவதற்கும் கணக்கு இருக்கும். அவர் இறந்ததும் துப்பாக்கி எங்களுடையது ஆகிவிடவில்லை. லைசென்ஸ் அவர் பேரில்தான் இருந்தது. அம்மாவும் நானும் அதைப் பழைய சாரத்தில் சுற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தோம். அதிகாரி மரியாதையாக எழுதி வாங்கிக்கொண்டார். பன்றிக்கு இப்போது பக்கத்து நிலத்து லைசென்ஸ்காரரைக் கூப்பிடுகிறோம்.

இங்கே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏர் ரைபிளுக்குக்கூட லைசென்ஸ் வேண்டும். அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் பாயும்: 14 வருடம் வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. சட்டவிரோதமாக இரண்டுக்கு மேல் வைத்திருந்தால் கடத்தல் என்றே எடுத்துக்கொள்வார்கள். பிரித்து அனுப்பினால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பார்சலில் மாமாவின் பேரும் முகவரியும் இருக்கும். கதவைத் தட்டுவது அவர் வீட்டில்தான்.

பிறைக்காரி:

ரொம்ப நன்றி அண்ணே, தோட்டத்துப் பிள்ளைக்கும் நன்றி. அண்ணியிடம் சொல்லிவிட்டேன், அந்தப் பேச்சை விட்டுவிட்டார். அண்ணனையும் பிடித்துப் பேசினேன். ரைபிள் வாங்கியது 2017இல், ரசீது இருக்கிறதாம். மேரிலாந்து விஷயம் அவருக்கே தெரியாது. கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அவரிடம் 30 தோட்டா பிடிக்கும் மேகசின்கள் சில இருக்கின்றன. ரைபிளை விட்டுவிட்டு அதை மட்டும் பிடிப்பார்களா? இன்னொன்று, கனடாவில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகன், அங்கே தடை வந்து இத்தனை வருடம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை, பயப்படாதே என்கிறார். அது உண்மையா?

புக்கிட்_மெர்த்தாஜாம்_அண்ணன்:

பிடிக்கவும் செய்யலாம் தங்கச்சி. மேகசினுக்குப் பெரும்பாலும் தனிச் சரத்து இருக்கும். நியூ ஜெர்சி 2018இல் 10 தோட்டாவுக்கு மேல் பிடிக்கும் மேகசினைத் தடுத்தபோது, முன்பு வாங்கியவர்களையும் விடவில்லை. 180 நாள் கொடுத்தார்கள். அதற்குள் மாநிலத்துக்கு வெளியே விற்க வேண்டும், அல்லது ஒப்படைக்க வேண்டும், அல்லது 10க்கு மேல் பிடிக்காதபடி நிரந்தரமாக மாற்ற வேண்டும். காசு கிடையாது. ரைபிளைப் பதிந்துவிட்டு, அலமாரியில் கிடக்கும் மேகசினை மறந்து மாட்டிக்கொள்வதுதான் எனக்குப் பயம். எத்தனை இருக்கிறது, எத்தனை தோட்டா பிடிக்கும் என்று எழுதி ரசீதோடு வைக்கச் சொல்லுங்கள்.

கனடாவில் ஒன்றும் நடக்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2020 மே 1 அன்று ஒரே உத்தரவில் சுமார் 1,500 வகைகளைத் தடுத்தார்கள், பிறகு இன்னும் பல நூறு வகைகளைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து உரிமையாளர்கள் அதை ரேஞ்சுக்குக் கொண்டுபோக முடியாது, பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்க முடியாது. பூட்டி வைத்துக் காவல் காக்கத்தான் முடியும். வைத்திருந்தாலும் வழக்கு இல்லை என்ற பொதுமன்னிப்புக் காலத்தைத் திரும்பத் திரும்ப நீட்டி 2026 அக்டோபர் 30 வரை கொண்டுவந்தார்கள். அல்பர்ட்டா, சஸ்காட்செவன் மாநில அரசுகள், மத்திய அரசு காசு கொடுத்துத் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கும் திட்டத்தை எதிர்க்கின்றன. 2025இல் பொதுப் பாதுகாப்பு அமைச்சராகி அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தவர் நம் தமிழர், ஹரி ஆனந்தசங்கரி. உங்கள் சித்தப்பா மகனிடம் துப்பாக்கி இருந்தால், நீட்டிப்பை நம்பி உட்கார்ந்திருக்காமல் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். காலம் முடிந்த மறுநாளும் அது கையில் இருந்தால், அவர் மேல் வழக்குப் போடலாம்.

அண்ணன் வீடு மாறும் தேதி தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். 2017இல் வாங்கியது என்றால் மேரிலாந்தின் விலக்கு அவருக்குக் கிடைக்காது. அந்த மாநிலத்தின் பட்டியலில் அவருடைய ரைபிள் பேர் சொல்லி இருக்கிறதா என்று, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அங்கே ஒரு வக்கீலிடம் காட்டிவிடட்டும்.