சார்பைப் பிரிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்கு நான் கேட்கும் கேள்வி

ஓர் எண்ணைப் போட்டால் ஒரு விடை தருவதுதான் சார்பு. பத்தாம் வகுப்பில் சார்புகளின் சேர்ப்பு நடத்தும்போது பிள்ளைகள் அவ்வளவாகச் சிரமப்படுவதில்லை. எஃப் ஓ ஜி என்றால் ஜியை முதலில் போட்டு, வந்த விடையை எஃப்பில் போட வேண்டும். நாலு கணக்கு போட்டால் பழகிவிடும். பதினொன்றாம் வகுப்பில், இப்படிச் சேர்ந்த சார்பை வகையிட, அதாவது அது மாறும் வீதமான வகைக்கெழுவைக் காண, சங்கிலி விதி வரும்போதுதான் திணறல் தொடங்குகிறது. அங்கே ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் சார்பை நாமே பிரிக்க வேண்டும்.

என்னிடம் டியூஷன் படிக்கும் ஒரு மாணவிக்கு விதி தலைகீழ்ப் பாடம். ஆனால் எக்ஸ் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டி, மொத்தத்துக்கும் வர்க்கமூலம் எடுத்த சார்பைக் கொடுத்தால் எது உள்ளே, எது வெளியே என்று பிடிபடவில்லை. "எக்ஸுக்கு 3 போட்டுப் பாரும்மா" என்றேன். 9, 10, ரூட் 10 என்று வரிசையாக எழுதினாள்.

"கடைசியா என்ன பண்ணினே?"

"ரூட் எடுத்தேன் மிஸ்."

"அதான் வெளிச் சார்பு. அங்கிருந்து வகையிடு."

மளமளவென்று போட்டுவிட்டாள். அப்புறம் அவளே கேட்டாள்: "உள்ளே வர்க்கத்தை மட்டும் வச்சுக்கிட்டு, ஒன்னு கூட்டுறதையும் ரூட்டையும் வெளியே சேர்த்துக்கலாமா மிஸ்?" அருமையான கேள்வி. தாராளமாகச் செய்யலாம், எப்படிப் பிரித்தாலும் வகைக்கெழு ஒன்றுதான். அவளையே இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எக்ஸ் 3 ஆக இருக்கும்போது இரண்டிலும் 3 கீழ் ரூட் 10 வந்தது.

சைன் எக்ஸின் வர்க்கத்தையும், எக்ஸ் வர்க்கத்தின் சைனையும் குழப்பிக்கொள்பவர்களுக்கும் இதே கேள்விதான். முதலாவதில் கடைசி வேலை வர்க்கமாக்குவது, இரண்டாவதில் சைன் எடுப்பது. முன்னதன் வகைக்கெழு சைன் 2எக்ஸ்; பின்னதற்கு 2எக்ஸ் பெருக்கல் எக்ஸ் வர்க்கத்தின் காஸ்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை: மதிப்பகம், அதாவது ஒரு சார்பில் எந்தெந்த எண்களைப் போடலாம் என்பது. வர்க்கமாக்கி ரூட் எடுத்தாலும், ரூட் எடுத்து வர்க்கமாக்கினாலும் எக்ஸ்தான் வரும் என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். மைனஸ் 3 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் வழியில் 9, அதன் ரூட் 3. போட்டது மைனஸ் 3, வந்தது 3. இரண்டாம் வழியில் மெய்யெண்களுக்குள் முதல் படியே நகராது.