பள்ளிக் கட்டடம் இழுத்துக்கிட்டே போகுது: பார்வையிட வந்தவங்கள நேர்ல பாத்த அனுபவம் இருந்தா சொல்லுங்க

செம்பனைக்காரன்:
நம்ம டவுன் பள்ளி புது புளோக் வருசக்கணக்கா முடியாம இழுத்துக்கிட்டு இருக்கற கதை எல்லாருக்கும் தெரியும், அத திரும்பச் சொல்லல. போன மாசம் மேலிடத்துலேருந்து ரெண்டு ஆபீசர் வந்தாங்க, பெற்றோர் ஆசிரியர் சங்கத்துல இருக்கறதால நானும் கூடப் போனேன். கேட்டு பக்கத்துல புரோஜெக் போர்டு நிக்குதுல்ல, அதுல 'தாரிக் சியாப்'னு, அதான் வேலை முடியற தேதின்னு இருக்கற எடத்துல ஸ்டிக்கர், ஓரம் வெயில்ல சுருண்டு கெடந்துச்சு. நகத்தால கிளப்பினேன். அடியில இன்னொரு ஸ்டிக்கர், வேற தேதி, அதுக்கும் அடியில பெயிண்ட்ல எழுதுன மொத தேதி. அப்ப என் மவ ஒண்ணாம் ஆண்டு, இப்ப அஞ்சாம் ஆண்டு. ஆபீசரக் கூப்ட்டு காட்டுனேன். பாத்தாரு, ஒண்ணும் பேசல, ஸ்டிக்கர கட்டைவிரலால அழுத்தி திரும்ப ஒட்டிவிட்டுட்டு நடந்துட்டாரு. அந்தக் கட்டைவிரல்தான் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

பழைய கிராணி:
தம்பி, கோவம் நியாயம்தான், ஆனா தேதி மாத்துனாலே திருட்டுத்தனம்னு சொல்லிட முடியாது. நான் கான்றேக்ட் ஆபீஸ்ல இருந்தவன். மலேசியப் பொதுப்பணித் துறையோட ஜேகேஆர் 203ஏ ஒப்பந்தத்துல ஈஓடி, அதான் கால நீட்டிப்புன்னு இருக்கு, அடை மழை, நெலத்த லேட்டா குடுத்தது, இப்படி காரணம் இருந்தா நாள் நீட்டிக் குடுக்கணும். 2020 மார்ச் 18 கோவிட்டுக்காக எம்சிஓ, நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்ப சைட்டெல்லாம் மூடிக் கெடந்துச்சே, அதக் கான்றேக்டர் தலையில கட்ட முடியுமா? காரணமில்லாம இழுத்தா எல்ஏடி, அதான் தாமத இழப்பீடு, ஒரு நாளுக்கு இவ்ளோ ரிங்கிட்டுன்னு கணக்குப் போட்டு வெட்டணும். எந்தக் காரணத்துக்கு எத்தன நாள் குடுத்தீங்கன்னு நீங்க அவருகிட்ட கேட்டிருக்கணும்.
என் அனுபவம் வேற. ஒரு பள்ளி சைட்டுக்குப் போனோம், ஆளே இல்ல, தள்ளுவண்டியில கொழச்சு வச்ச சிமெண்டு கல்லா எறுகிப்போயி கரண்டியும் அதுக்குள்ளயே மாட்டிக்கிட்டு நிக்குது. வேலை நடக்குதுன்னு ரிப்போர்ட்டுல எழுதச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன்.

முல்லை அம்மா:
எழுதிக் குடுத்தேன்னு சொல்றீங்களே ஐயா, அது யாரு தலையில வந்து விடிஞ்சிச்சு? வயசுல பெரியவரு, மன்னிச்சுக்குங்க, ஆனா மனசு கேக்கல. என் மவன் கேபின்ல, அந்தத் தற்காலிக தகர வகுப்புலதான் படிக்கிறான். ஒருநாள் குடை குடுக்கப் போனேன், காலையில பதினோரு மணி இருக்கும், மழ கொட்டுது, தகரத்துல விழற சத்தத்துல டீச்சர் வாயசைக்கறது மட்டும்தான் தெரியுது, பாவம் பேசிப் பேசிப் பாத்துட்டு மார்க்கர எடுத்து எல்லாத்தையும் போர்டுல எழுத ஆரம்பிச்சிட்டாங்க. கடைசி வரிசைப் புள்ளைங்க ஒழுகுற எடத்துலேருந்து மேசைய நகத்திக்கிட்டு இருக்கு. ஆபீசருங்க வந்த அன்னிக்கு நல்ல வெயில், கேண்டீன்ல மீகூன் சாப்ட்டுட்டு கெளம்பிட்டாங்க. அன்னிக்குப் பாத்து ஒரு மழ வந்திருக்கக் கூடாதா!

லோரிக்காரன்:
எனக்கு அனுபவம்னா ஒண்ணுதான், மணல் எறக்கப் போனேன், கேட்டுல பூட்டு, மணலோட திரும்பிட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மொதல்ல உங்க பள்ளிக்கு அரசாங்கத்தோட முழு உதவியா பகுதி உதவியான்னு பாருங்க, நெலம் தோட்டக் கம்பெனி பேர்ல இருந்தா பாதிக் கொழப்பம் அங்கயே ஆரம்பிக்குது. அப்பறம் வாரா வாரம் ஒரே எடத்துல நின்னு போட்டோ எடுங்க, தேதியோட. கட்டடம் முடிஞ்சாலும் சிசிசி, அதான் கட்டட நிறைவுச் சான்றிதழ் இல்லாம புள்ளைங்கள உள்ள விட முடியாது, அதுக்கு போம்பா (தீயணைப்புத் துறை) கடிதம், கரண்டு, தண்ணி எல்லாம் சரியா இருக்கணும், கடைசி நேரத்துல அதுலதான் நிக்கும், இப்பவே கேட்டு வைங்க. எம்பிகிட்ட நேரா போங்க, வாய்ல சொல்லாம நாடாளுமன்றத்துல கேள்வி போடச் சொல்லுங்க, மினிஸ்டர் பதில் சொல்லியாகணும். ஆடிட்டர் ஜெனரல் ரிப்போர்ட்டு அரசியலமைப்பு 107படி மக்களவைக்கு வரும், அதப் பாத்துத்தான் பிஏசி, அதான் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் கமிட்டி, மினிஸ்ட்ரி ஆளுங்களயே கூப்ட்டு வச்சுக் கேக்கும். அங்க வரைக்கும் போட்டோ போகணும்னா நீங்க இன்னிக்கே எடுக்கணும்.

முல்லை அம்மா:
போட்டோ எடுத்தாச்சு அண்ணே, மூணு வருசமா எடுத்துக்கிட்டு இருக்கோம். பழைய போட்டோவுல இருக்கற புள்ளைங்க பாதி இடைநிலைப் பள்ளிக்குப் போயாச்சு.

செம்பனைக்காரன்:
பழைய கிராணி ஐயா, நீங்க சொன்ன கேள்விய எழுதி போன திங்கக்கெழம குடுத்துட்டேன், பதில் இல்ல. இன்னிக்குக் காலையில பள்ளி வேன் வர்றதுக்குள்ள அந்த ஸ்டிக்கர மறுபடி கிளப்பிப் போட்டோ புடிச்சேன். மவ பைய மாட்டிக்கிட்டு பக்கத்துல நின்னு மூணு தேதியையும் சத்தமா வாசிச்சா.