கலைச்சொல் உதவி: 'கிரேவிங்'குக்கு என்ன போடலாம்? (வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்)

பண்ணைக்காட்டு டீச்சர், செவ்வாய் இரவு:

எல்லாருக்கும் வணக்கம். மே 31 புகையிலை எதிர்ப்பு தினத்துக்கு எங்க ஊர் காப்பித் தோட்டத்து ஆளுங்களுக்கும் லீவுல இருக்கற பிளஸ் ஒன் பசங்களுக்கும் சேர்த்து ஒரு துண்டறிக்கை போடுறோம். வத்தலக்குண்டு பிரஸ்காரர் வெள்ளிக்கிழமைக்குள்ள மேட்டர் வரலேன்னா கல்யாணப் பத்திரிகை வேலைக்குப் போயிடுவேன்னுட்டார். ஒரு இழுப்பு இழுத்தா 10–20 செகண்டுல புகையிலையில இருக்கற நிக்கோட்டின் மூளைக்குப் போயிடுது, அசெட்டைல்கோலின்ங்கற நரம்புச் சேதி வேதிப்பொருளுக்குன்னு நரம்புல இருக்கற ஏற்பியில (அது வந்து உக்கார்ற இடம்) இது போய் உக்காந்துக்குது, 'வேணும்'ங்கற ஆசையைத் தூண்டற டோபமின் கூடுது, இது வரைக்கும் எழுதிட்டேன். அடுத்து 'கிரேவிங்'னு வருது, அதாவது இப்பவே ஒண்ணு பிடிக்கணும்னு உள்ள இழுக்கற ஆசை, அங்கதான் மாட்டிக்கிட்டேன். ஏக்கம்னு போட்டேன், படிச்சுப் பாத்த பொண்ணு "டீச்சர், லவ் மேட்டரா?"ன்னு கேக்குது. ஒரே ஒரு சொல் போதும், ப்ளீஸ்.

வத்தலக்குண்டு புலவர், புதன் காலை:

அம்மா, வேட்கை இருக்கும்போது எதுக்கு அலையுறீங்க? தொல்காப்பியர் களவியல்ல காதல் நோயோட படிகளை வரிசையா வெக்குறப்போ முதல் சொல்லே வேட்கைதான். அதே நூற்பாவுல 'நோக்குவ எல்லாம் அவையே போறல்'னு ஒண்ணு வருது, பாக்குறதெல்லாம் அதுவாவே தெரியுறது. டீக்கடையப் பாத்தாலும் சிகரெட், பஸ் ஸ்டாண்டப் பாத்தாலும் சிகரெட்னு திரியுறவனுக்கு இதை விட என்ன வேணும்? வேள் அடி, வேட்டல், வேட்கை, வேள்வி, வேளாண்மை எல்லாம் ஒரே குடும்பம், வேட்டல்னா கல்யாணமும்தான், அதனால அந்தப் பொண்ணு சொன்னதுலயும் தப்பில்ல.

பழனி அடிவாரம், புதன் காலை:

முதல்ல 'நிக்கோட்டின்' எதுக்கு? புகையிலைனு அழகா புகை, இலை ரெண்டையும் சேர்த்து வெச்ச மொழி இது. புகையிலைக்காரம்னு போடுங்க. 'டோபமின்'னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

கொடைக்கானல் டாக்டர், புதன் மதியம்:

அண்ணே, நிக்கோட்டின்ங்கறது ஜான் நிக்கோங்கற ஆளோட பேர்ல இருந்து வந்தது, லிஸ்பன்ல பிரெஞ்சுத் தூதரா இருந்து 1560 வாக்குல புகையிலையைப் பாரிஸுக்கு அனுப்பினவர். ஆள் பேரை மொழிபெயர்க்க முடியாது. நம்ம சுருட்டை வெள்ளைக்காரன் 'செரூட்'னு அப்படியே எடுத்துக்கிட்டான், அவன் ஊர்ல யாரும் போராட்டம் பண்ணல.

டீச்சரம்மா கேட்டதுக்கு வர்றேன். சொல் தேடறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுக்கணும். நிக்கோட்டின் ரத்தத்துல ரெண்டு மணி நேரத்துல பாதியாயிடும், ராத்திரி தூங்கி எந்திரிக்கறப்போ அனேகமா காலி, எரிச்சல், கவனமில்லாம போறது, தூக்கம் கெடறது எல்லாம் வருது. இது விலகல் அறிகுறி. விட்ட முதல் ரெண்டு மூணு நாள்ல உச்சத்துக்குப் போய் ரெண்டுல இருந்து நாலு வாரத்துல அடங்கிடும். கிரேவிங் அதோட சேர்ந்தும் வரும், அது எல்லாம் அடங்கி ரெண்டு வருஷம் கழிச்சு மழைக்கு ஒதுங்கின டீக்கடையில தனியாவும் வரும். அப்போ உடம்புல நிக்கோட்டின் குறைச்சல்னு ஒண்ணும் கிடையாது, அஞ்சு நிமிஷம் பல்லைக் கடிச்சா போயிடும். இன்னொண்ணு, ஆசைப்படறதும் ரசிக்கறதும் மூளைக்கு ஒண்ணு இல்ல. ராபின்சன், பெர்ரிட்ஜ்னு ரெண்டு பேர் 1993லயே எழுதினாங்க, பழக்கம் முத்த முத்த 'வேணும்' ஏறிக்கிட்டே போகும், 'நல்லாருக்கு' அப்படியே நின்னுடும்னு. என்கிட்ட வர்றவங்க பாதிப் பேர் "பிடிக்கவே இல்ல டாக்டர், ஆனா பத்த வெச்சுடறேன்"ங்கறாங்க. சொல் அதைப் பிடிக்கணும். வேட்கை எனக்குச் சரிப்படல, விடுதலை வேட்கை, அறிவு வேட்கைன்னு மேடையில கேட்டுக் கேட்டு அது மரியாதையான சொல்லாயிடுச்சு. பீடிக்கு எதுக்கு அவ்வளவு கௌரவம்?

பழனி அடிவாரம், புதன் மாலை:

அப்போ விடாய். தாகம், ஆசை ரெண்டுக்கும் பழைய சொல். புகைவிடாய்.

பண்ணைக்காட்டு டீச்சர், புதன் மாலை:

அண்ணே, பிளஸ் ஒன் கிளாஸ்ல 'புகைவிடாய்'னு எழுதிட்டு நான் போர்டு பக்கம் திரும்பியே நிக்கணும். மாதவிடாய் தவிர அந்தச் சொல்லு இப்போ யாருக்கும் ஞாபகம் வராது.

தவிப்பு எப்படி? புகைத்தவிப்பு?

வத்தலக்குண்டு புலவர், புதன் இரவு:

போட்டா 'த்' விடாம போடணும். புகைத்தவிப்புன்னா புகைக்கான தவிப்பு, நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. ஒற்று போச்சுன்னா 'புகை தவிப்பு', புகை தவிச்சுக்கிட்டு இருக்குன்னு ஆயிடும். பிரஸ்காரங்க முதல்ல முழுங்கறது ஒற்றைத்தான்.

ஆனா ராத்திரி யோசிச்சதுல இதை விட ஒண்ணு கிடைச்சிருக்கு. நச்சுதல். பழந்தமிழ்ல நச்சுதல்னா விரும்புதல். நச்சினார்க்கினியர், விரும்பினவங்களுக்கு இனியவர். அதே எழுத்துல நஞ்சும் இருக்கு. வள்ளுவர் ஒரே குறள்ல ரெண்டையும் வெச்சுட்டார், 1008: 'நச்சப் படாதவன் செல்வம் நடுவூருள் நச்சு மரம்பழுத் தற்று.' முதல் நச்சு விருப்பம், ரெண்டாவது நச்சு விஷம். விஷத்தை விரும்புறதுக்கு ஒரே சொல்லு, நச்சல். இதை விட்டா வேற கிடையாது.

கொடைக்கானல் டாக்டர், வியாழன் காலை:

ஐயா, ரசிச்சேன், நிஜமாவே. ஆனா 'புகை நச்சல்'னு பாத்தா தோட்டத்து ஆளுங்க மருந்தடிச்ச தண்ணியக் குடிச்சாச்சாக்கும்னு நெனச்சு என்கிட்ட ஓடி வருவாங்க.

தாண்டிக்குடி, வியாழன் காலை:

விவாதத்துக்குச் சம்பந்தமில்ல, மன்னிக்கணும். நான் போன மாசம் விட்டேன். அதுல இருந்து நெஞ்சு படபடங்குது, தூக்கம் வரல. இதுவும் கிரேவிங்கா, விலகலா?

கொடைக்கானல் டாக்டர், வியாழன் காலை:

விட்டதும் மாசமாச்சு, நீங்க காப்பித் தோட்டத்துக்காரர், ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்னு முதல்ல சொல்லுங்க. புகையில இருக்கற தார்ச் சமாச்சாரம் கல்லீரல்ல காஃபினைக் கரைக்கற நொதியை முடுக்கி விடும், நிக்கோட்டினுக்கு அதுல பங்கில்ல. புகையை விட்டதும் அந்த வேகம் குறைஞ்சுடும், அதே அஞ்சு டம்ளர் காப்பி ரத்தத்துல கிட்டத்தட்ட டபுளா நிக்கும். பாதியாக் குறைச்சுப் பாருங்க, படபடப்பு நிக்கலேன்னா நேர்ல வந்துடுங்க.

பழனி அடிவாரம், வியாழன் மதியம்:

டாக்டரம்மா, இந்த ஆசை மூளையில எந்த இடத்துல இருக்குன்னு பேர் இருந்தா அதை வெச்சே சொல் பண்ணலாமே?

கொடைக்கானல் டாக்டர், வியாழன் மதியம்:

ஒரே இடம்னு இல்ல. ஆனா இன்சுலான்னு ஒரு பகுதி, பக்கவாட்டு மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும், பக்கவாதத்துல அது அடிபட்ட சில பேர் சிகரெட்டை ஒரு சிரமமும் இல்லாம சட்டுனு விட்டுட்டாங்க, அந்த நெனப்பே திரும்பி வரலேன்னு 2007ல ஒரு ஆய்வு வந்துச்சு. லத்தீன்ல தீவுன்னு அர்த்தம். தயவு செஞ்சு இதைத் தமிழாக்க ஆரம்பிக்காதீங்க.

வத்தலக்குண்டு புலவர், வியாழன் மதியம்:

துருத்தி! ஆத்துக்கு நடுவுல இருக்கற திட்டுக்குத் துருத்தின்னு பேர், மாயவரம் பக்கத்துக் குத்தாலத்துக்குத் திருத்துருத்தின்னுதான் பழைய பேர். கொல்லன் ஊதற துருத்தியும் அதே சொல்லு. புகைக்கற ஆசை இருக்கற இடம், ஊதற கருவி, ரெண்டும் ஒண்ணு!

பண்ணைக்காட்டு டீச்சர், வியாழன் மாலை:

ஐயா, நாளைக்கு வெள்ளிக்கிழமை.

பூம்பாறை, வியாழன் இரவு:

நான் இந்தக் குழுவுல படிக்கறதோட சரி, எழுதினதில்ல, தப்பிருந்தா பொறுத்துக்கங்க. பீடி விட்டு இன்னைக்குப் பதினொண்ணாவது நாள். வீட்டுப் பரண்ல பூண்டு கட்டித் தொங்க விட்டிருக்கோம், கீழ அடுப்புப் புகை நாள் பூரா அதுல படுது, அந்தப் புகையில உக்காந்து பூண்டு பிரிச்சாலும் எனக்கு ஒண்ணும் ஆகல. ஆனா பக்கத்து வீட்டு மாமா தீப்பெட்டிய உரசுற சத்தம் கேட்டா போதும், கை தானா சட்டைப் பாக்கெட்டுக்குப் போயிடுது, உள்ள ஒண்ணும் இல்லேன்னு தெரியும், இருந்தும் ரெண்டு விரல் உள்ள போய்த் துழாவுது. டாக்டரம்மா சொன்ன மாதிரி முதல் மூணு நாள் மண்டை காஞ்சுது, பொண்டாட்டி புள்ளைகளை எல்லாம் வஞ்சேன். அது போயிடுச்சு. இது போகல. தவிப்புன்னு சொல்ல மாட்டேன், தண்ணி கிடைக்காம தவிக்கற மாதிரி இல்ல. சின்னப் புள்ள சந்தையில முந்தானையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வாங்கித்தா வாங்கித்தான்னு வருமே, காது குடுக்காம நடந்தா கொஞ்ச தூரத்துல விட்டுட்டு, அடுத்த மிட்டாய்க் கடை வந்ததும் மறுபடி ஆரம்பிக்குமே, அது. எங்கம்மா அதை நச்சரிப்புன்னுதான் சொல்லும்.

கொடைக்கானல் டாக்டர், வியாழன் இரவு:

தம்பி, பதினொரு நாள் பெரிய விஷயம். உங்க சொல்லுக்கு என் ஓட்டு. கடை வந்தாத்தான் ஆரம்பிக்கும், காது குடுக்கலேன்னா அடங்கும், ரெண்டுமே இதுல இருக்கு. மண்டை காயுறதையும் விலகலுக்கு எடுத்துக்கறேன், என்கிட்ட வர்றவங்களும் அதைத்தான் சொல்றாங்க.

வத்தலக்குண்டு புலவர், வியாழன் இரவு 11 மணி:

நச்சு + அரிப்பு! நான் சொன்ன நச்சேதான் வேற வாசல்ல வந்திருக்கு!

பழனி அடிவாரம், வெள்ளி காலை:

இது பேச்சு வழக்கு, கலைச்சொல் இல்ல. 'நச்சரிக்கிற மனைவி'ன்னு வாரப் பத்திரிகை ஜோக்குல வர்ற சொல்லைப் பாடப் புத்தகத்துல போடுவீங்களா? என் மறுப்பைப் பதிவு பண்ணிக்கங்க. வேட்கை தவறுன்னு யாரும் இன்னும் நிரூபிக்கல.

பண்ணைக்காட்டு டீச்சர், வெள்ளி காலை:

அண்ணே, இது பாடப் புத்தகம் இல்ல, ஒரு பக்க நோட்டீஸ். மேட்டர் அனுப்பிட்டேன். 'புகை நச்சரிப்பு (கிரேவிங்)'னு ஒரு தடவை, அப்புறம் வெறும் நச்சரிப்பு. பெரிய எழுத்துல ஒரு வரி: 'நச்சரிப்பு அஞ்சு நிமிஷம்தான், காது குடுக்காதீங்க.' பிரஸ்காரர் படிச்சுட்டு இது யாரைப் பத்திம்மான்னு கேட்டார், பீடியைப் பத்தின்னேன், தன் சட்டைப் பாக்கெட்டைத் தொட்டுப் பாத்துக்கிட்டார். எல்லாருக்கும் நன்றி.

வத்தலக்குண்டு புலவர், வெள்ளி மதியம்:

அச்சாகறதுக்குள்ள ஒண்ணு. நச்சரிப்புல இருக்கற 'அரி' அரிப்பா, இல்ல வெட்டறதுக்கு வர்ற அரியா, இல்ல அரற்றுதலோட உறவான்னு யாருமே கேக்கல. தனி இழையா ஆரம்பிக்கறேன்.