மறு: ஸ்பிரேடெக் - ‘தெறிப்புத் தட்டு’ வேண்டாம், ‘இடைமூடி’ சரியா?

அண்ணாச்சி, வணக்கம்.

ஸ்பிரேடெக்குக்குத் தமிழில் ‘தெறிப்புத் தட்டு’ என்ற பெயர் எனக்கு ஒட்டவில்லை. தட்டு என்றதும் கெட்டியான பலகைதான் நினைவுக்கு வரும். இதுவோ கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகில் உட்காரும் குழியின் விளிம்பைச் சுற்றி மாட்டுகிற விரிப்பு. நடுவில் இடுப்பைப் பிடிக்கும் ஒரு குழல். தெறிக்கும் நீரைத் தடுப்பது இதற்குச் சின்ன வேலை. காட்டாற்றிலும் கடலிலும் முழு அலையே மடியில் வந்து விழும். அப்போது கழன்றுவிடக் கூடாது. படகு கவிழ்ந்தாலும் குழிக்குள் நீர் ஏறக் கூடாது. ஏறினால் படகோடு உருண்டு நிமிர்வது பெரும்பாடு.

உவரி, கூத்தங்குழி மாதிரி மீனவ ஊர்ப் பக்கம் விசாரித்தால் இதற்குச் சொல் கிடைக்கும் என்றீர்கள். கட்டுமரத்தில் ஏறிய தண்ணீர் மர இடுக்கு வழியே இறங்கிவிடுமே, அங்கே மூடுவதற்குக் குழி ஏது? குழியும் மூடியும் வடக்கே கிரீன்லாந்து இனுயிட் மக்களுடையவை. கடல்நாய்த் தோலில் தைத்தார்கள். மேற்சட்டையோடு சேர்த்துத் தைத்தது ‘துயிலிக்’. (இதைத் ‘துகில்’ என்பதோடு முடிச்சுப் போட்டு யாரும் புது விவாத இழை தொடங்க வேண்டாம், புண்ணியமாகப் போகும்.)

என் பரிந்துரை ‘இடைமூடி’. இடுப்பையும் சொல்கிறது, உடம்புக்கும் படகுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் சொல்கிறது.

உறுப்புகளின் பெயரில்தான் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் வாங்குகிறவர் அதை வைத்துத்தான் தேர்வு செய்வார். விளிம்பு இரண்டு வகை. எலாஸ்டிக் கயிறு கோத்தது ஒன்று, பாவாடை நாடா மாதிரி. அதை ‘நாடா விளிம்பு’ எனலாம். கெட்டி ரப்பர் பட்டை வைத்தது ‘ரப்பர் விளிம்பு’. ரப்பர் பெரிய அலையிலும் விடாது. ஆனால் மாட்டவே மல்லுக்கட்ட வேண்டும், படகு கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கும்போது கழற்றவும் அதே பலம் வேண்டும். புதிதாகப் பழகுகிறவருக்கு நாடா விளிம்பு போதும். துணி நியோப்ரீனாக (நீண்டு கொடுக்கும் செயற்கை ரப்பர்) இருக்கட்டும். நைலான் அமைதியான நீருக்குச் சரி, அலையில் தொய்ந்து குளம் கட்டிவிடும். குழியின் அளவு படகுக்குப் படகு மாறும், இடுப்புக் குழலுக்குத் தனி அளவு. ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று விற்பதை மணப்பாட்டுக் கடல் அலைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

மூடியைக் கழற்ற முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பிடிக்கு நீங்கள் சொன்ன ‘இழுவார்’ (இழுக்கும் வார்) பொருளில் சரி, ஆனால் வினைமுற்று மாதிரி ஒலிக்கிறது. யார் இழுக்க வருவார் என்று தேட வேண்டியிருக்கும். ‘இழுபட்டை’ என்போம். உயிரே அதில்தான் இருக்கிறது: மூடியைப் பின்பக்கம் முதலில் மாட்டி, முன்பக்கம் முடித்து, பட்டை வெளியே கிடக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே மடங்கிக்கொண்டால் கவிழ்ந்த நேரத்தில் அகப்படாது. கவிழ்ந்தால் உடம்பை முன்னால் வளைத்து, பட்டையை முன்னோக்கித் தள்ளி மேலே இழுக்க வேண்டும். விளக்கக் குறிப்பில் இந்த வரி கட்டாயம் வரட்டும். பக்கத்தில் ஆள் நிற்க, அசையாத தண்ணீரில் பழகிய பிறகே அலைக்குப் போக வேண்டும் என்றும் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், அலையின் பாரத்தில் மூடி அமுங்கிக் குழிக்குள் சரிவதற்கு ‘இம்ப்ளோஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து ‘உள்வெடிப்பு’ என்று நம் சொற்பட்டியலில் ஏறியிருக்கிறது. எதுவும் வெடிக்கவில்லையே! ‘உள்ளமுங்கல்’ என்று மாற்றட்டுமா?