இறந்தோரை நினைக்கும் டாரட் அமைப்புக்குத் தமிழில் என்ன பெயர்? – கலைச்சொல் விவாதம்

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். துயர்காலத்தில் மக்கள் ஆறுதல் தேடும் வழிகளைப் பற்றிய நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கல்லறைத் திருநாளான நவம்பர் 2க்கு முன் அச்சாக வேண்டும் என்பது பதிப்பாளரின் விருப்பம். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் கோப்பை அனுப்பியாக வேண்டும்.

ஓர் இயல் முழுவதும் குறிசொல்லப் பயன்படும் படச் சீட்டுகளான டாரட் சீட்டுகளைப் பற்றியது. ஆனால் வருங்காலம் கேட்பது அதில் இல்லை. இறந்தவரின் படத்தை வைத்து, விளக்கேற்றி, ஒரு குவளை நீரோ அவருக்குப் பிடித்த பண்டமோ வைத்து, 78 சீட்டுகளில் அவரைக் குறிக்கும் ஒன்றை முதலில் தெரிந்தே எடுத்து நடுவில் வைக்கிறார்கள். பிறகு கட்டைக் கலைத்து, எடுத்த சீட்டுகளை அதைச் சுற்றி அடுக்குகிறார்கள். அவர் விட்டுச்சென்றது எது, நான் சொல்லாமல் விட்டது எது, இனி நான் சுமக்க வேண்டாதது எது என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. மேலைநாடுகளில் சம்ஹெய்ன் எனப்படும் அக்டோபர் 31 இரவில் இதைச் செய்வோர் பலர். இப்படிப் பரப்பி வைக்கும் அமைப்புக்கு ஆங்கிலத்தார் 'ஸ்பிரெட்' என்கிறார்கள். நான் 'முன்னோர் விரிப்பு' என்று எழுதிப் பார்த்தேன். படித்தவுடன் ஜமுக்காளம்தான் கண்முன் வருகிறது. உதவுங்கள்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மையாருக்கு வணக்கம். விரிப்புக்கு வருமுன் 'டாரட்' என்பதைப் பார்ப்போம். டகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது எட்டாம் வகுப்பு மாணவனுக்கும் தெரிந்த விதி. இச்சீட்டுகள் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆட்டச் சீட்டுகளாகத் தோன்றி, அடுத்த நூற்றாண்டில் 'தரோக்கி' என்று பெயர் பெற்றன. பிரெஞ்சில் அது ஈற்று மெய் ஒலிக்காத 'தாரோ' ஆயிற்று. வடசொல்லுக்கே 'வடவெழுத்து ஒரீஇ' என்று வேலி போட்ட தொல்காப்பியர், இத்தாலியச் சொல்லுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்க மாட்டார். ஆகவே 'தாரோ'.

சீட்டு என்பதும் இந்தியின் சிட்டியோடு உறவாடும் சொல் என்று ஐயுறுகிறேன். பனையேட்டையும் பூவிதழையும் ஒருங்கே குறிக்கும் 'ஏடு' இருக்கிறதே! இறந்தோரைத் 'தென்புலத்தார்' என்கிறது குறள் (43). 'தென்புல வாழ்நர்க்கு அருங்கடன் இறுக்கும்' என்கிறது புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு. இவற்றை இணைத்தால் 'தென்புல ஏட்டுவிரி' என்ற அழகிய சொல் கிடைக்கும்.

குன்னூர், நூலகர்:

ஐயா, அழகியது என்பதில் ஐயமில்லை. அதைப் படித்துவிட்டு ஏதோ ஓலைச்சுவடிப் பதிப்பு என்று எண்ணி என் நூலகத்தில் இலக்கண அடுக்கில் வைத்துவிடுவார்கள் என்பதுதான் என் கவலை. 'தாரோ' என்பதோ வாய்விட்டுப் படிக்கையில் 'யாரோ' என்று கேட்கிறது. வார இதழ்கள் 'டாரட்' என்றே அச்சிட்டுப் பழக்கிவிட்டன. சீட்டு எங்கிருந்து வந்திருந்தாலும், புலவர்கள் சீட்டுக்கவி பாடிய நாளிலிருந்து அது நம் வீட்டுச் சொல். தெய்வத்தின் முன் பெயர்களை எழுதிப் போட்டு எடுப்பதைத் 'திருவுளச்சீட்டு' என்கிறோம். கோவில் நடையில் பூக்கட்டிப் பார்ப்பதும் அதன் உறவே. எனவே கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே இடம் பிடித்துள்ள 'திருவுளச்சீட்டு' என்பதையே சற்று நீட்டி 'முன்னோர் திருவுளச்சீட்டு' என்று ஆளலாம்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

திருவுளச்சீட்டின் தாய் குடவோலை. உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுப்பித்ததை விரித்துரைக்கிறது. அங்கே சீட்டு இல்லை, ஓலைதான். நான் ஏட்டை விடமாட்டேன். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பியதும், வேலன் கழங்கு இட்டதும், முல்லைப்பாட்டில் பெருமுது பெண்டிர் நெல்லும் முல்லையும் தூவி, நற்சொல் கேட்க விரிச்சி நின்றதும் இதே குடும்பம். விரிச்சி, விரி என்னும் ஒலிநெருக்கத்தையும் குழுவினர் கருத வேண்டும்.

வெலிங்டன், மறைக்கல்வி ஆசிரியர்:

ஒலிநெருக்கத்தை நானும் ரசித்தேன். ஆயினும் கட்டுவிச்சி, வேலன், விரிச்சி எல்லாமே குறிகேட்கும் சொற்கள் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். விவிலியத்தின் உபாகமம் 18:11 'செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவனும்' உங்களுக்குள்ளே இருக்கவேண்டாம் என்கிறது. இறந்தவரை எழுப்பித் தரக் கேட்டுச் சவுல் அரசன் தேடிப் போன எந்தோர் ஊர்ப் பெண்ணை, விவிலியத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு 'அஞ்சனம் பார்க்கிற' பெண் என்கிறது. கல்லறைத் திருநாளுக்காக வரும் நூலை எங்கள் பங்கில் உள்ளவர்கள்தான் முதலில் வாங்குவார்கள். பெயரில் குறியோ திருவுளமோ இருந்தால், கணவனை இழந்த ஒரு பெண் அந்த இயலைத் திறக்கவே அஞ்சுவாள். சீட்டு போடுவதில் எனக்கு மறுப்பில்லை; யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டதும் சீட்டுப் போட்டுத்தானே. ஆனால் இங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்டறியவில்லை, நினைக்கிறார்கள். 'நினைவுச் சீட்டுகள்' போதும்.

குன்னூர், நூலகர்:

வெலிங்டன் ஐயா சொல்வதற்கு வரலாறும் துணை நிற்கிறது. இச்சீட்டுகள் முதல் மூன்று நூற்றாண்டுகள் பெரும்பாலும் ஆட்டத்துக்கே பயன்பட்டன. எகிப்திய மறைஞானம் என்ற கதையை 1781இல் கூர் த ஜெபலென் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியதையொட்டியே குறிசொல்லும் வழக்கம் பரவியது. இன்று பலரும் கையாளும் படங்களை பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909இல் வெளியிட்டார்கள். ஆட்டம் குறியாயிற்று, குறி இப்போது நினைவாகிறது. என் திருவுளச்சீட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:

மகிழ்ச்சி. ஆனால் 'நினைவுச் சீட்டு' கட்டைக் குறிக்குமே ஒழிய, மேசைமேல் பரப்பிய அமைப்பைக் குறிக்காது. அதோடு 13ஆம் சீட்டுக்கும் முடிவு வேண்டும். ஸ்மித்தின் படத்தில் கவசமணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது, தொலைவில் இரு கோபுரங்களுக்கிடையே கதிரவன். சாவு, மரணம், கூற்றுவன் – எதை எழுதுவது? நால்வகைச் சீட்டுகளைக் கோப்பை, கோல், வாள், காசு என்று எழுதிவிட்டேன். அவற்றில் சிக்கல் இல்லை.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

கூற்றுவனே. உடலையும் உயிரையும் கூறுபடுத்துவதால் கூற்று.

குன்னூர், நூலகர்:

மார்செய் எனப்படும் பிரெஞ்சு மரபின் பழைய டாரட் கட்டுகளில் பல, அந்தச் சீட்டில் எண்ணை மட்டும் இட்டுப் பெயரெழுதாமல் விட்டிருக்கின்றன. நாமும் 'பதின்மூன்று' என்றே விடலாம். துக்க வீட்டில் பெயர் சொல்லாமல் பேசுவது நமக்கும் பழக்கம்தான்.

கூடலூர், பள்ளி ஆசிரியை:

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், நான் இலக்கணம் கற்றவள் அல்ல. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் தாத்தா, பாட்டியின் புதைகுழிகள் கடலுக்கு அப்பால் இருக்கின்றன. போய் ஒரு மாலை போட வழியில்லை. ஆகவே படத்தின் முன் இலை போட்டு, அவர்கள் விரும்பிய பண்டங்களை வைத்து, அந்த ஆளிடம் பேசுவதுபோல அம்மா பேசுவார். கோத்தகிரி அக்கா எழுதிய படம், விளக்கு, நீர், நடுவில் ஒருவருக்கான இடம், சுற்றிலும் ஒழுங்காக வைத்தவை எல்லாவற்றையும் எங்கள் வீட்டில் ஒரே சொல்லால் சொல்வோம்: படையல். படைப்பது என்றால் பரப்பி வைப்பதும்தான், கொடுப்பதும்தான். 'சீட்டுப் படையல்' என்று எழுதினால் என் அம்மாவுக்கே புரியும்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

மகளே, இலக்கணம் கற்கவில்லை என்று சொல்லிவிட்டுத் தொல்காப்பியத்துக்குள் நேராக நுழைந்துவிட்டீர்கள். நடுகல் எடுக்கும் முறையைப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று அடுக்குகிறது. அங்கே பெரும்படை என்பது கல்லாகி நிற்கும் வீரனுக்கு இடும் படையலே. இறந்தவனைக் குறிக்கும் ஒன்றை முதலில் தேர்ந்து நிறுத்துவதும், பிறகு அதைச் சூழப் படைப்பதும் எவ்வளவு பொருத்தம்! நடுவில் வைக்கும் சீட்டுக்கு 'நடுசீட்டு' என்றே பெயரிடலாம். நடுவிலுள்ள சீட்டு, நட்ட சீட்டு என்று இரு பொருளும் படும்.

இன்னொன்று. நம் மலையிலேயே தோடர்களும் கோத்தர்களும் இறப்பை ஒட்டி ஒரு சடங்கும், பின்னொரு காலத்தில் இறந்தோருக்கென மற்றொரு சடங்கும் நடத்தியதை ஆய்வாளர்கள் பச்சைச் சடங்கு, உலர்சடங்கு என்று பதிந்திருக்கிறார்கள். துயரின் இரண்டாம் கட்டத்துக்கான இந்தச் சீட்டுமுறைக்கும் 'உலர்படையல்' என்று…

குன்னூர், நூலகர்:

ஐயா, அங்கே நிறுத்துங்கள். இன்றும் நம்மோடு வாழும் மக்களின் சாவுச் சடங்குப் பெயரை எடுத்து இத்தாலியச் சீட்டுக்கட்டில் ஒட்டுவது முறையாகாது. அவர்களைக் கேட்காமல் ஒட்டுவது இன்னும் முறையாகாது.

'படையல்' மீதும் எனக்கு முழு நிறைவில்லை. அச்சொல்லில் சோறும் குழம்பும் மணக்கின்றன. அட்டையை யாரும் உண்பதில்லை. 'நினைவடுக்கு' என்று நான் முன்மொழிகிறேன்.

வெலிங்டன், மறைக்கல்வி ஆசிரியர்:

படையல் என்றால் எங்கள் பக்கத்தில் சிலைக்கு வைத்தது என்ற பொருள் முந்திக்கொள்ளும். ஆயினும் கூடலூர் ஆசிரியை எழுதியதைப் படித்த பின் கடுமையாக மறுக்க மனம் வரவில்லை. நாங்களும் கல்லறையில் மெழுகுவத்தியும் பூவும் வைக்கிறோம்.

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. நாளை வெள்ளி. இயலின் தலைப்பில் 'சீட்டுப் படையல்', கட்டுக்கு 'டாரட் சீட்டு', நடுவிலுள்ளதற்கு 'நடுசீட்டு', பதின்மூன்றுக்குப் பெயரில்லை என்று வைத்துக் கோப்பை அனுப்புகிறேன். 'நினைவடுக்கு' அடைமொழியாக ஓரிடத்தில் வரும். தாரோவுக்கும் ஏட்டுவிரிக்கும் இடமளிக்க இயலவில்லை. உதகை ஐயா பொறுத்தருள வேண்டும்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பொறுத்தேன், ஒப்பவில்லை. டகர முதலைப் பற்றிய என் மறுப்பு குழுவின் பதிவில் நிற்கட்டும். தலைப்பைப் பற்றியும் ஓர் ஐயம்: 'சீட்டுப் படையல்' என்பது சீட்டைப் படைப்பதா, சீட்டால் படைப்பதா? முன்னது இரண்டாம் வேற்றுமைத் தொகை, பின்னது மூன்றாம் வேற்றுமைத் தொகை. முன்னதாயின் இறந்தவருக்குக் கொடுப்பது சீட்டு. பின்னதாயின் கொடுப்பது வேறொன்று, சீட்டு வெறும் கருவி. நூல் எதைச் சொல்கிறது?

கோத்தகிரி, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, நூல் இரண்டையும் சொல்கிறது, வெவ்வேறு பக்கங்களில்.

உதகை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அப்படியானால் உருபை விரித்து எழுதுங்கள்.

கூடலூர், பள்ளி ஆசிரியை:

விரிக்க வேண்டாம் அக்கா, அப்படியே இருக்கட்டும்.